ஒத்திகை முடிந்ததும் கவனிக்கப்படும்

டாமரக் ஃபால்ஸ் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை டாக்டர் மார்லிஸ் ஹௌகன், ஆர்லாண்டோவில் நடந்த கல்வி மாநாட்டுக்குப் போய் நாலாம் நாள் திரும்பி வந்தபோது, அவருக்கு மூக்கில் கொஞ்சம் வெயிலும் மண்டையில் ஒரு தத்துவமும் ஏறியிருந்தன. மூக்குத் தோல் ஒரே வாரத்தில் உரிந்து போய்விட்டது. தத்துவம் அவ்வளவு சுலபமாக உரிகிற ரகமில்லை.

பள்ளி என்பது பள்ளியே அல்ல, நாடக அரங்கம் என்பதுதான் தத்துவம். மாநாட்டில் இதைச் சொன்னவர் பள்ளிக்கூடம் எதையும் நடத்தியதில்லை, நாடகமும் போட்டதில்லை. அதனால் இரண்டைப் பற்றியும் அவரால் தயங்காமல் பேச முடிந்திருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில், பள்ளி திறக்க மூன்று நாள் இருக்கும்போது, டாக்டர் ஹௌகன் ஆசிரியர்களைக் கூட்டி விஷயத்தை அறிவித்தார்.

"இவ்வளவு நாளா நாம பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்திட்டு இருந்தோம். அதத் தப்புன்னு நான் சொல்ல வரல. ஆனா பாடம் நடத்துறது வெளியில தெரியறதில்ல, பாருங்க. ஒரு பிள்ளை மண்டைக்குள்ள என்ன ஏறுச்சுன்னு யாருக்குத் தெரியும்? நாடகம்னா தெரியும். இனிமே நாம செய்யறது எல்லாமே தெரியணும்."

எல்லாமே தெரிய ஆரம்பித்தது. வகுப்புகளுக்குக் காட்சி என்று பெயர் வந்தது. விளையாட்டு நேரம் இடைவேளை ஆனது. நாற்பது வருஷமாகத் தரை துடைத்துக்கொண்டிருந்த கஸ் ரெம்பெல், அரங்க அமைப்பாளர் என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு அதே தரையைத் துடைத்தார். ஒரு பையன் இன்னொருவனைக் குத்திவிட்டால் தண்டனை கிடையாது. இருவரையும் அதே இடத்தில் நிறுத்தி, இந்தத் தடவை குத்தாமல் அந்தக் காட்சியை மறுபடி நடிக்கச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், முதல் தடவை தான் குத்தியது சரியாக அமையவில்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, இரண்டாம் தடவை மூக்கில் ரத்தம் வருகிற மாதிரி குத்தினான். அவனுடைய முன்னேற்ற அறிக்கையில் 'உழைப்பாளி' என்று எழுதியிருந்தது.

அரங்கம் என்று இருந்தால் ஒப்பனை அறை இருக்க வேண்டும் அல்லவா. காலியாக அறை எதுவும் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிற பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்கார வைத்துப் படிப்புச் சொல்லிக் கொடுக்க ஒரு சின்ன அறை இருந்தது. அந்த அறையில் இருபத்திரண்டு வருஷமாக ஐலா பெல்டோலா என்ற ஆசிரியை இருந்தார். அறைக்கு ஆறு கண்ணாடிகளும் வட்ட வட்டமாக விளக்குகளும் வந்தன. பெல்டோலாவுக்கும் ஒரு வேஷம் கொடுத்தார்கள். வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுப்பவர். படுதாவுக்குப் பின்னால் உட்கார வேண்டும். கிசுகிசுக்கலாம், பேசக் கூடாது.

இந்தச் சங்கதியெல்லாம் லோவல் ட்வைட் என்பவனுக்குத் தெரியாது. அவன் கவுன்டி என்கிற மாவட்ட நிர்வாகத்தில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். நவம்பர் முதல் ஏப்ரல் வரை சாலையில் பனியை ஒதுக்குவான், மற்ற மாதங்களில் அதே சாலையில் குழியை அடைப்பான். நாளைக்கு நாலு வாக்கியம் பேசினால் அதிகம். அதில் இரண்டு வானிலையைப் பற்றியதாக இருக்கும். அவனுடைய பெண் பிரிட்டாவுக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. அவளுக்குப் படிக்க வராது.

மூன்று வருஷமாக இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. காரணம் அந்தப் பெண்ணின் காது. ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே திருப்பிச் சொல்லுவாள். ரேடியோவில் வரும் வானிலை அறிக்கை, ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரின் பிரசங்கம், நடுவில் பாஸ்டர் இருமிய இருமல் உட்பட எல்லாம் வரும். வகுப்பில் பக்கத்துப் பெண் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு, தன் முறை வரும்போது புத்தகத்தைப் பிடித்தபடி அதையே ஒப்பிப்பாள். ஜூலை மாதம் ஒரு நாள் லாரியில் போகும்போது லோவல் ஒரு பலகையைக் காட்டி, "அதுல என்ன போட்டிருக்கு, சொல்லு பாப்போம்" என்றான். விளையாட்டாகத்தான் கேட்டான். "வேகத்தைக் குறைக்கவும்" என்றாள் பிரிட்டா, கொஞ்சமும் யோசிக்காமல். பாலம் மூடப்பட்டுள்ளது என்று அதில் எழுதியிருந்தது. அந்தப் பலகையை முந்தின நாள் நட்டவனே லோவல்தான்.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. செப்டம்பரில் பள்ளிக்கு மூன்று வரியில் ஒரு கடிதம் எழுதினான். என் மகளுக்குப் படிக்க வரவில்லை. தினமும் அரை மணி நேரம் அவளைத் திருமதி பெல்டோலாவிடம் உட்கார வையுங்கள். இப்படிக்கு லோவல் ட்வைட். இந்த மாதிரிக் கடிதம் வந்தால் முப்பது நாளுக்குள் பெற்றோரை அழைத்துக் கூட்டம் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. டாக்டர் ஹௌகன் சட்டத்தை மதிப்பவர். இருபத்தொன்பதாம் நாள் கூட்டம் போட்டார்.

லோவல் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு போனான். மேஜைக்கு அந்தப் பக்கம் டாக்டர் ஹௌகன். மூலையில் ஒரு கறுப்புப் படுதா. அதன் அடியில் இரண்டு பழுப்புச் செருப்புகள் தெரிந்தன.

"உட்காருங்க லோவல். இந்தாங்க, இது உங்க பிரதி."

ஆறு பக்கம். மேலே 'பெற்றோர் கூட்டம், காட்சி ஒன்று' என்று போட்டிருந்தது. ஐந்தே முக்கால் பக்கம் தலைமையாசிரியை பேசுவதாக இருந்தது. லோவலுடைய வசனத்தில் மஞ்சள் மை தடவியிருந்தார்கள். இரண்டே இடம். நாலாம் பக்கத்தில் 'பெற்றோர் (கவலையுடன்): ம்.' கடைசியில் 'பெற்றோர் (நிம்மதியுடன்): நன்றி. எனக்கு இப்போது புரிகிறது.'

லோவல் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தான். "இதுல பிரிட்டாவப் பத்தி ஒண்ணும் இல்லையே."

"இது ஒத்திகை. ஒத்திகையில பேரு போட மாட்டோம். எந்தப் பிள்ளைக்கும் பொருந்தணும்ல?"

"அப்ப நிஜக் கூட்டம் எப்பங்க?"

"ஒத்திகை முடிஞ்சதும். ஆரம்பிக்கலாமா?"

ஆரம்பித்தார்கள். டாக்டர் ஹௌகன் நன்றாகத்தான் பேசினார். ஒவ்வொரு குழந்தையும் ஒரு கதாநாயகன் என்றார். யாரும் பின்தங்கியிருப்பதில்லை, சிலருடைய காட்சி இன்னும் வரவில்லை, அவ்வளவுதான் என்றார். நாலாம் பக்கம் வந்ததும் நிறுத்தினார். லோவல் "ம்" என்றான்.

"நல்லா இருக்கு. ஆனா அந்த 'ம்'ல இன்னும் கொஞ்சம் கவலை தெரியலாம். உங்களுக்கு உண்மையிலேயே ஒரு பிள்ளை இருக்கிற மாதிரி நினைச்சுக்கங்க."

"எனக்கு உண்மையிலேயே இருக்குங்க."

"அதான். அத அப்படியே பிடிச்சுக்கங்க."

அப்போது படுதாவுக்குப் பின்னாலிருந்து ஒரு கிசுகிசுப்பு வந்தது. "மறுபடி எழுத்துல கேளுங்க. தேதி போட்டுக் கேளுங்க. நகல் வச்சுக்கங்க."

"ஐலா, அது வசனத்துல இல்ல" என்றார் டாக்டர் ஹௌகன், திரும்பிப் பார்க்காமலே. செருப்புகள் உள்ளே இழுத்துக்கொண்டன.

லோவல் தேதி போட்டு இரண்டாவது கடிதம் எழுதினான். ஒத்திகை முடிந்ததும் கவனிக்கப்படும் என்று பதில் வந்தது. மூன்றாவது கடிதம் எழுதினான். அதற்குப் பதிலாக அந்தக் கடிதமே திரும்பி வந்தது, ஓரத்தில் பச்சை மையில் குறிப்புகளோடு. 'போராட்டம் தெளிவாக இருக்கிறது. ஆனால் பாத்திரம் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பதால் வளர்ச்சி தெரியவில்லை.'

நவம்பரில் ஒரு ஒத்திகை. டிசம்பரில் இரண்டு. லாரி நிறுத்துமிடத்தில் விஷயம் பரவிவிட்டது. உடன் வேலை பார்க்கும் வெர்ன் ஸ்டாக்கி அவன் வரும்போதெல்லாம் எழுந்து நின்றான்.

"வாங்க நட்சத்திரமே. உப்பு மூட்டையெல்லாம் உங்க கையால தொடலாமா? நாங்க இருக்கோம்ல."

"சும்மா இருய்யா."

"அந்த 'ம்' ஒரு தடவை சொல்லேன். எங்க வீட்டுல கேட்டுட்டு வரச் சொன்னா."

லோவலுக்குச் சிரிப்பு வரவில்லை. பெண் நாலாம் வகுப்பில் பாதி தாண்டிவிட்டாள். அடுத்த வருஷம் பாடப் புத்தகம் தடிக்கும், கேட்டு ஒப்பிக்கிற கதை அங்கே நடக்காது. அவன் மனைவி கார்லா வான்கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் கை மரத்துப் போய் வருவாள். வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"நிம்மதி பத்தலையாம்."

"யாருக்கு?"

"எனக்கு. கடைசி வசனத்துல."

கார்லா கையுறையை மேஜையில் போட்டாள். "லோவல், அடுத்த தடவை நீ அந்தக் காகிதத்த அங்கேயே வச்சுட்டு, வாயத் தொறந்து உன் வார்த்தையில சொல்லு. நீ பேச மாட்டேங்கிறது ஊருக்கே தெரியும். அந்த அம்மாவுக்கு அது வசதியாப் போச்சு."

ஜனவரியில் மாநிலத் தலைநகரிலிருந்து ஓலை வந்தது. அங்கீகாரத்தைப் புதுப்பிக்க ஆய்வுக் குழு மார்ச் மாதம் வருகிறது, பள்ளியில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பார்க்கும். இன்னொரு பள்ளியாக இருந்தால் ஜன்னலைத் துடைத்திருப்பார்கள். டாக்டர் ஹௌகன் ஒரு நாடகம் எழுதினார். தலைப்பு, 'நம் பள்ளியில் ஒரு நாள்'. அன்றைக்குப் பள்ளியில் ஒரு நாள் நடப்பதற்குப் பதிலாக அந்த நாடகம் நடக்கும். அதில் ஒரு பாடம் உண்டு, ஒரு தீயணைப்புப் பயிற்சி உண்டு, ஒரு பெற்றோர் கூட்டம் உண்டு. ஒத்திகைக்கு நேரம் வேண்டும் என்பதால் அந்த இரண்டு மாதம் பாடங்களை நிறுத்திவைத்தார்கள்.

கவலைப்படும் பெற்றோர் வேஷத்துக்கு லோவலைத் தவிர வேறு யாரையும் அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. அவனும் ஒப்புக்கொண்டான். நாடகத்தின் கடைசியிலாவது நிஜக் கூட்டம் வரும் என்று நினைத்தான், பாவம்.

அவன் நினைக்காதது வேறொன்று நடந்தது. பாடக் காட்சியில் எழுந்து நின்று ஒரு பக்கம் வாசிக்கிற சிறுமியின் வேஷம் பிரிட்டாவுக்குக் கிடைத்தது. ஒத்திகையின் இரண்டாம் நாள், மற்ற பிள்ளைகளெல்லாம் தாளை மூக்குக்கு நேரே பிடித்துத் தடவிக்கொண்டிருந்தபோது, இவள் மட்டும் தாளை நாற்காலியில் வைத்துவிட்டு, நாடகம் முழுவதையும், எல்லாருடைய பங்கையும் சேர்த்து, மணி மணியாகச் சொல்லி முடித்தாள். டாக்டர் ஹௌகன் கண் கலங்கிவிட்டார். பள்ளியின் புது வாசிப்பு அளவுகோல் அவரே வகுத்தது. தாளைப் பார்த்து வாசிக்கிற பிள்ளை தொடக்கநிலை. எப்போதாவது தாளைப் பார்க்கிற பிள்ளை இடைநிலை. தாளையே கீழே வைத்துவிட்ட பிள்ளை உயர்நிலை. பள்ளியிலேயே உயர்நிலைக்கு ஏறிய முதல் பிள்ளை பிரிட்டா ட்வைட்.

கேள்விப்பட்டதும் லோவல் லாரியை அப்படியே பள்ளி வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனான்.

"அவ தாளப் பாக்காததுக்குக் காரணம், பாத்தாலும் அவளுக்குத் தெரியாதுங்க. எழுத்தே தெரியாது."

"லோவல், எழுத்தத் தாண்டிப் போறதுதானே வாசிப்பு?"

"அவ தாண்டல. இன்னும் அங்க போகவே இல்ல."

டாக்டர் ஹௌகன் அவன் தோளில் கை வைத்தார். "உங்களுக்குள்ள ஒரு பயம் இருக்கு. பொண்ணு நம்மள மீறிப் போயிடுவாளோன்னு. எல்லா அப்பாக்களுக்கும் வர்றதுதான். நான் ஒரு விஷயம் வெளிப்படையாச் சொல்றேன். உயர்நிலையில இருக்கிற பிள்ளைய நான் பெல்டோலாகிட்ட அனுப்பினா ஆய்வுக் குழு என்ன நினைக்கும்? உதவி தேவைப்படற பிள்ளைங்க இங்க இருக்காங்கன்னு நினைக்க மாட்டாங்களா?"

வெளியே பிரிட்டா லாரியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மூன்று வருஷமாகப் பள்ளிக்குப் போகும் காலையெல்லாம் வயிற்று வலி என்று சொன்ன பெண் அவள்.

"அப்பா, எல்லாரும் என் பக்கத்துல உட்காரணும்னு சண்டை போட்டாங்க."

"அப்படியா."

"நீ போய் சொல்லிட்டியா, எனக்குப் படிக்க வராதுன்னு?"

லோவல் சாலையைப் பார்த்தபடி ஓட்டினான்.

"சொல்லாதப்பா. ப்ளீஸ். மேடையில எல்லார் முன்னாடியும் மட்டும் சொல்லாத."

"ம்" என்றான் லோவல். டாக்டர் ஹௌகன் கேட்டிருந்தால் அந்த 'ம்'முக்கு முழு மதிப்பெண் போட்டிருப்பார்.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை. வெளியே இடுப்பளவு பனி. கூடைப்பந்து ஆடும் பெரிய கூடத்தில் முந்நூறு பேர். முன்வரிசையில் ஆய்வுக் குழு மூன்று பேர், நடுவில் தலைவர் டாக்டர் ராய்ஸ் டன்லெவி. கார்லாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. வெர்ன் கூட வந்திருந்தான், தலையைச் சீவிக்கொண்டு.

முதல் இரண்டு காட்சிகள் வெண்ணெயாகப் போயின. பாடக் காட்சியில் பிரிட்டா எழுந்து, தாளைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பக்கத்தைச் சொன்னாள். டன்லெவி பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ சொல்லித் தலையை ஆட்டினார். மூன்றாம் காட்சி நடுவில் நிஜத் தீ மணி அடித்தது. சமையலறையில் மதியத்துக்கு ஹாட்டிஷ் என்று தட்டு நிறைய வைத்திருந்த உருளைக்கிழங்குப் பதார்த்தம் அடுப்புக்குள் தீய்ந்து, கதவிடுக்கு வழியாகக் கூடத்துக்குள் புகை வந்துகொண்டிருந்தது. ஒருவரும் அசையவில்லை. ஒன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். ஆசிரியை அவளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"உக்காரு கண்ணு. அது நம்ம மணி இல்ல. நம்ம மணி அஞ்சாவது காட்சியில."

முந்நூறு பேரும் இருமிக்கொண்டு நாடகம் பார்த்தார்கள். கஸ் ரெம்பெல் ஓடிப்போய்த் தட்டோடு ஹாட்டிஷைத் தூக்கிப் பனியில் எறிந்துவிட்டு, மணி நிற்காததால் அதன் ஒயரையும் பிடுங்கினார். ஐந்தாவது காட்சியில் மணி அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்கவில்லை. படுதாவுக்குப் பின்னாலிருந்து பெல்டோலா "டிங், டிங்" என்று கிசுகிசுக்க, பிள்ளைகள் கோட்டில்லாமல் வரிசையாகப் பனியில் போய் நின்று, நடுங்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். 'ஆபத்து வேளையிலும் அசாதாரண நிதானம்' என்று ஆய்வுக் குழு எழுதிக்கொண்டது.

கடைசிக் காட்சி பெற்றோர் கூட்டம். மேஜைக்கு ஒரு பக்கம் டாக்டர் ஹௌகன். இந்தப் பக்கம் லோவலும், அவன் பக்கத்தில் பிரிட்டாவும். தலைமையாசிரியை பேசினார். பேசினார். நாலாம் பக்கம் வந்தது, லோவல் "ம்" என்றான், கூடத்தில் சிலர் பெருமூச்சு விட்டார்கள். கடைசிப் பக்கம் வந்தது. நிம்மதியுடன் அவன் புரிந்துகொள்ள வேண்டிய இடம்.

"எனக்குப் புரியலைங்க" என்றான் லோவல்.

"'நன்றி'" என்று டாக்டர் ஹௌகன் பல்லிடுக்கில் எடுத்துக் கொடுத்தார்.

"இல்லைங்க. செப்டம்பர்லேர்ந்து கேட்டுட்டு இருக்கேன். மூணு கடுதாசி எழுதிட்டேன். என் பொண்ணுக்கு ஒன்பது வயசு. அவளுக்குப் படிக்க வராது. இப்ப நீங்க கேட்டீங்களே ஒரு பக்கம், அது காதால வாங்கினது. அவ மக்கு இல்ல. யாராவது பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தா வந்துரும். சொல்லிக் குடுக்கத் தெரிஞ்ச அம்மா அதோ அந்தப் படுதாவுக்குப் பின்னால உக்காந்திருக்காங்க. தினம் அரை மணி நேரம். அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல."

அவன் வாழ்நாளில் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. முடித்ததும் கைதட்டல் இடி மாதிரி வந்தது. வெர்ன் நாற்காலி மேல் ஏறி நின்று விசில் அடித்தான். டன்லெவி எழுந்து நின்று கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இருபது வருஷமா ஆய்வுக்குப் போறேன். ஒரு பெற்றோர் இவ்வளவு இயல்பா நடிச்சு நான் பாத்ததில்ல."

டாக்டர் ஹௌகன் சமயம் தெரிந்தவர். நெஞ்சில் கை வைத்து, லோவலைப் பார்த்து, நிம்மதியுடன் சொன்னார். "நன்றி. எனக்கு இப்போது புரிகிறது." மறுபடி கைதட்டல்.

"நான் நடிக்கலைங்க" என்றான் லோவல். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னான். சிரித்தார்கள். படுதா விலகிப் பெல்டோலா வெளியே வந்தார். "அவர் சொல்றது நிஜம்" என்று கிசுகிசுத்தார். ஏழு மாதம் கிசுகிசுத்துக் கிசுகிசுத்து அவருக்குத் தொண்டையே அப்படி ஆகிவிட்டிருந்தது. எடுத்துக் கொடுப்பவரே மேடைக்கு வந்துவிட்டாரே என்று அதையும் ரசித்தார்கள்.

லோவலுக்குக் கோபம் தலைக்கேறியது. டன்லெவியை நேராகப் பார்த்தான். "நம்பலன்னா ஒண்ணு பண்ணுங்க. அவ கேக்காதது ஏதாவது ஒண்ண நீங்களே குடுத்துப் படிக்கச் சொல்லுங்க."

வாயை விட்டுப் போன பிறகுதான் பக்கத்தில் பிரிட்டா உட்கார்ந்திருப்பது அவனுக்கு நினைவு வந்தது.

டன்லெவி நல்ல மனிதர். கூடத்தைச் சுற்றிப் பார்த்து, எதிர்ச் சுவரில் பெரிய சிவப்பு எழுத்தில் இருந்த அறிவிப்பைக் காட்டினார். "அதப் படி பாக்கலாம் கண்ணு."

பிரிட்டா எழுந்து நின்றாள். சுவரைப் பார்த்தாள். முந்நூறு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்கு முதலில் காது சிவந்தது, பிறகு கழுத்து. உதடு பிரிந்து மூடியது. விரல்கள் பாவாடை ஓரத்தைத் திருகின. முதல் வரிசையில் ஒரு பையன் பக்கத்துப் பையனை இடித்துச் சிரிக்க ஆரம்பித்தான். அவள் சுவரை விட்டு அப்பாவைப் பார்த்தாள். கோபமாகக் கூடப் பார்க்கவில்லை. லாரியில் கேட்டதையே கண்ணால் இன்னொரு தடவை கேட்டாள், அவ்வளவுதான்.

இன்னும் பத்து விநாடி வாயை மூடிக்கொண்டிருந்தால், ஏழு மாதமாக அவன் கேட்டது கிடைத்திருக்கும். வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்றுதான் அவனுக்கு ஆயுசு முழுக்கக் கைவந்த கலை. அன்றைக்கு என்று பார்த்து அது அவனைக் கைவிட்டது.

"மணி அடித்தால்" என்று உதடு அசையாமல் சொன்னான்.

"மணி அடித்தால்" என்றாள் பிரிட்டா, கணீரென்று.

"வரிசையாக வெளியேறவும்."

"வரிசையாக வெளியேறவும்."

"ஓடக் கூடாது. பேசக் கூடாது. ஆசிரியரின் உத்தரவுக்குக் காத்திருக்கவும்."

அவள் அதையும் சொன்னாள். பாஸ்டர் பிரசங்கத்தைச் சொல்வது மாதிரி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றிச் சொன்னாள். கூடம் எழுந்து நின்று தட்டியது. டன்லெவி லோவலின் கையைப் பிடித்துக் குலுக்கி, இப்படி ஒரு முடிவைத் தான் எதிர்பார்க்கவே இல்லை என்றார். பெல்டோலா மட்டும் லோவலைப் பார்த்தார். அவருக்குக் கேட்டிருந்தது. இத்தனை மாதம் அந்த வேலையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் படுதாவுக்குப் பின்னால் போய்விட்டார்.

ஏப்ரலில் கடிதம் வந்தது, நல்ல தடித்த தாளில், மகளைப் பற்றிய பெருமிதத்தோடு தொடங்கி. பள்ளிக்கு ஐந்து வருஷ அங்கீகாரம். மாணவி பிரிட்டா ட்வைட் வாசிப்பில் உயர்நிலை என்பது ஆய்வுக் குழுவின் முன்னிலையிலேயே நிரூபணமாகிவிட்டதால், அவர் குறித்த கோரிக்கை மகிழ்ச்சியுடன் முடித்து வைக்கப்படுகிறது. எல்லாருக்கும் வசனம் மனப்பாடமாகிவிட்டபடியால், எடுத்துக் கொடுப்பவர் பணியிடம் அடுத்த ஆண்டு முதல் தேவைப்படாது. கீழே டாக்டர் ஹௌகன் கையெழுத்து, அதன் கீழே பெற்றோர் கையெழுத்துக்குக் கோடு.

லோவல் சமையலறை மேஜையில் அதை மூன்று தடவை படித்தான். பிரிட்டா பள்ளிப் பையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவன் தோளில் சாய்ந்தாள்.

"என்னப்பா போட்டிருக்கு?"

"உன்னப் பத்தித்தான்."

"படி."

படித்தான். அவளைப் பற்றிய பகுதியை மட்டும், முதலிலிருந்து கடைசி வரை, ஒரே ஒரு தடவை. அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

ஐந்தரைக்குக் கார்லா வந்தாள். கோட்டைக் கழற்றுவதற்குள் பிரிட்டா கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, நான் படிக்கிறேன், கேளு."

ஆரம்பித்தாள். அன்புள்ள பெற்றோரே. தங்கள் மகள் பிரிட்டா வாசிப்பில் உயர்நிலையை எட்டியிருப்பதைத் தெரிவிப்பதில் பெருமைப்படுகிறோம். தாளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே சொன்னாள். கார்லா வாசலிலேயே நின்றுவிட்டாள். முகம் மலர்ந்தது. லோவலைப் பார்த்தாள், நிஜமா என்று கேட்கிற மாதிரி. லோவல் மேஜையைப் பார்த்தான். கார்லா மறுபடி தாளைப் பார்த்தாள். விரல் இரண்டாம் வரியில் இருந்தது. குரல் ஐந்தாம் வரியைத் தாண்டிப் போய்விட்டிருந்தது.

முடித்துவிட்டுப் பிரிட்டா நிமிர்ந்தாள். "எப்படி?"

கார்லா ஈரப் பூட்ஸோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு மரத்துப் போன கைகளால் தட்ட ஆரம்பித்தாள். லோவலும் தட்டினான்.